செய்தவனுக்கா, செய்வித்தவனுக்கா?

போலந்து நாட்டில் கிராக்கோ நகரத்து மாதா கோயிலில், பலிபீடத்துக்குப் பின்னே, சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரச்சிற்பத் தொகுதி எழுந்து நிற்கிறது. நூரம்பர்க்கிலிருந்து வந்த ஜெர்மன் சிற்பி வைட் ஷ்டோஸ், 1477 முதல் 1489 வரை பாடுபட்டுச் செதுக்கியது அது.

1939-ல் போலந்தைப் பிடித்த நாஜிகள் அதை ஜெர்மனிக்குக் கொண்டு போனார்கள். செய்தவன் ஜெர்மானியன், ஆகவே பொருளும் ஜெர்மனிக்கே என்பது அவர்கள் கட்சி.

இது நியாயமா? உளி ஜெர்மானியனுடையதுதான், பணமோ கிராக்கோ நகரத்தாருடையது. அந்நகரத்தாரிலேயே பலர் அந்நாளில் ஜெர்மன் மொழி பேசியவர்கள்! அன்று இனச் சண்டை எங்கே இருந்தது? தச்சன் எந்த ஊரானானாலும், வீடு கட்டுவித்தவனுக்குத்தானே சொந்தம்!

யுத்தம் முடிந்தபின் நூரம்பர்க் கோட்டை நிலவறையில் சிற்பங்கள் அகப்பட்டன. 1946-ல் போலந்துக்குத் திரும்பின. 1957-ல் மீண்டும் கோயிலில் ஏறின. 2021-ல் மற்றொரு பெரிய செப்பனிடும் பணியும் நிறைவேறியது.

1897-ல் ஆங்கிலேயப் படை ஆப்பிரிக்காவின் பெனின் அரண்மனையில் கொள்ளையடித்த வெண்கலச் சிற்பங்கள் பல, ஜெர்மன் காட்சிசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் இருபதை 2022-ல் ஜெர்மனியே நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. கிராக்கோவுக்கு ஏழே ஆண்டில் கிடைத்த நீதி, பெனினுக்குக் கிடைக்க 125 ஆண்டுகள் ஆயின. காலம் கடந்துவிட்டதால் கொள்ளை உரிமையாகிவிடாது.