பஞ்சு ஒட்டின அடுப்பும் பேச்சு வாங்கின தாயும்

கனடாவில் இருக்கிற மாமி மகள் ஒருத்தி எங்களில் ஒருத்திக்கு வாட்சப்பில் படமொன்று அனுப்பியிருந்தாள். குளிருக்கு நெருப்பு மூட்டுகிற அடுப்பு, அதுக்கு முன்னால் ஒரு அடி உயரத்தில் கல்லால் கட்டின திட்டு, திட்டின் விளிம்பு முழுக்க ஒட்டின கறுப்பு ஸ்பொஞ்ச் பட்டி. "மகன் பிடிச்சு எழும்பி நிக்கத் தொடங்கிட்டான், அதான்" என்று கீழே எழுதியிருந்தாள். படம் ஆலையடிவேம்பில் எங்கட ஒழுங்கை முழுக்கச் சுத்தினது. ஒரு கிழமைக்குள்ள பக்கத்து வளவு அக்காவும் பாலர் பாடசாலையில் விரிக்கிற எழுத்துப் போட்ட ஸ்பொஞ்ச் பாயை வெட்டி, இரட்டைப் பக்க ரேப்பால் தன்ட குசினி அடுப்புத் திட்டில் ஒட்டிட்டா.

அவவைக் குறை சொல்ல இதை எழுதல்ல. அவவுக்குப் பத்து மாசப் பிள்ளை. முந்தின நாள்தான் அவன் அந்தச் சீமெந்து மூலையில் நெத்தியை மோதி, புருவத்துக்கு மேல தையல் போட வேண்டி வந்தது. ஆனா அந்தப் பஞ்சு மூன்று நாள்தான் தாங்கினது. சூட்டில் ரேப் இளகி முதல் துண்டு கழன்றது. ரெண்டாவது துண்டைப் பிள்ளை கடிச்சுப் பிச்சு வாய்க்குள்ள வச்சிருந்தான். மூன்றாவதில் ஒரு தணல் விழுந்து, நடுவில் கறுப்பாக ஓட்டை போட்டு, வீடு முழுக்க ஒரு நாத்தம். கனடாக்காரி ஒட்டின அடுப்பு எரியிற அடுப்பில்லை என்பதை மறுகாதான் கேட்டுத் தெரிஞ்சுகொண்டோம். அவங்க வாங்கின நாளிலிருந்து அது அலங்காரத்துக்குத்தான் நிக்குதாம். எங்கட அடுப்பு ஒரு நாளைக்கு மூன்று தரம் எரியுது.

ஸ்பொஞ்ச் என்று நாம சொல்ற பொலியூரித்தேன் நுரை லேசா நெருப்புப் பிடிக்கும். அதுவிடுற புகை நெருப்பை விட வேகமாக ஆளைக் கொல்லும். 1979இல் இங்கிலாந்தின் மன்செஸ்டரில் ஒரு கடையில் இந்த நுரை போட்ட கதிரை, செற்றிகள் எரிஞ்சு 10 பேர் செத்தாங்க. 1988இல் அந்த நாட்டில் வீட்டுத் தளபாட நுரைக்கென்றே தீப்பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட சாமானை விறகடுப்பின் வாயில் ஒட்டுறது, நெத்திக் காயத்துக்குப் பயந்து தீக்காயத்தைக் கூப்பிட்டு வைக்கிற வேலை.

நாங்க எழுத வந்த விசயம் ஆனா பஞ்சு இல்லை. பிள்ளைக்குத் தையல் போட்ட அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு ஆளும் சொன்ன வசனம்தான்: "தாய் என்ன பாத்துக்கொண்டு இருந்தாள்?"

தாய் சோறு வடிச்சுக்கொண்டு இருந்தாள். வேற என்ன?

எங்கட பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். தமிழாக்களிலும் சரி, அடுத்திருக்கிற அக்கரைப்பற்று முஸ்லிம் ஆக்களிலும் சரி, மகளுக்குச் சீதனமாக வீடு எழுப்பிக் குடுக்கிறது வழக்கம். அப்பாவோ வாப்பாவோ சவூதியிலும் கட்டாரிலும் கிடந்து அனுப்பின காசில் சுவர் எழும்பும். மண்டபத்துக்கு ரைல்ஸ் பார்க்கக் கல்முனை வரை போவாங்க. கடைசியாகத்தான் குசினி. அதுக்குள்ள காசும் முடிஞ்சிருக்கும், மேசனுக்கும் பொறுமை முடிஞ்சிருக்கும். மிச்சச் சீமெந்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி கட்டி, மூலையைத் தேங்காய் உடைக்கிற அளவுக்குக் கூராக விட்டுட்டுப் போவாங்க. முப்பது வருசம் அதில் சமைக்கப்போறவளிட்ட "எவ்வளவு உயரம் வேணும் புள்ள?" என்று யாராவது கேட்டதை நாங்க காணல்ல. வீடு அவளுடைய பேரில்தான் இருக்கும், அது வேற கதை.

அம்மம்மாவின் மண்ணடுப்பை நினைச்சுப் பாத்தம். அதிலயும் ஆபத்து இருந்தது, புகையும் இருந்தது, பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரல்ல. ஆனா கையால் களிமண் பூசி மெழுகின அந்த அடுப்புக்கு மூலையே இல்லை. கை தடவினதெல்லாம் உருண்டு போயிருக்கும். அடுப்பு எரியிற நேரம் பிள்ளை ஏணையில் கிடக்கும், இல்லாட்டி அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் இடுப்பில். சீமெந்து வந்தது, மூலையும் வந்தது. பெரியம்மாமாரும் வேலைக்குப் போறாங்க. வீட்டில் மிஞ்சினது ஒருத்தியும் அவளுக்கு விழுற பேச்சும்.

இதில் 2022ஐயும் சொல்லணும். காஸ் வந்தால் விறகடுப்பு ஒழியும் என்று இருந்த ஆக்கள்தான் நாம. அந்த வருசம் 12.5 கிலோ சிலிண்டர் ஐயாயிரம் ரூபாயை நெருங்கினது, அதுவும் இரவிரவா வரிசையில் நின்றாலும் கிடைக்கல்ல. மூடி வச்ச திட்டையெல்லாம் திரும்பத் துடைச்சு நெருப்பு வச்சாங்க. எங்கட ஒழுங்கையில் பாதி வீடு இன்னும் தேத்தண்ணிக்குக் காஸ், சோத்துக்கு விறகு என்றுதான் ஓடுது. பொருளாதார நெருக்கடி பற்றி வகுப்பில் எத்தனையோ கட்டுரை எழுதினோம். அது ஒரு பத்து மாசப் பிள்ளையின் நெத்தி உயரத்தில் வந்து நிற்கும் என்று ஒன்றிலயும் எழுதல்ல.

பேச்சால் பிள்ளை தப்பாது, சாமானைத்தான் மாத்தணும் என்பதுக்கு நம்மட நாட்டிலயே ஆள் இருக்கு. டொக்டர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர். குப்பி விளக்குத் தட்டுப்பட்டு மண்ணெண்ணெய் கொட்டி எரிஞ்சு வாற ஆக்களைப் பாத்துப் பாத்து, "கவனமா இருங்க" என்று சொல்லி முடிச்சிடாமல் விளக்கையே மாத்தினார். மார்மைற் போத்தலைப் பாத்து வந்த யோசனை அது: கட்டையான, பாரமான, தடிச்ச கண்ணாடி, விழுந்தால் உருளாமல் இருக்க ரெண்டு பக்கம் தட்டை, எண்ணெய் சிந்தாமல் இருக்கத் திருகு மூடி. 1992இல் தொடங்கின வேலைக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைச்சது. லட்சக்கணக்கில் அந்த விளக்குகள் வீடுகளுக்குப் போனது. அமெரிக்காவிலும் இதே யோசனைதான். கண்ணாடி முகப்பு வச்ச காஸ் நெருப்படுப்பில் பிள்ளைகள் உள்ளங்கையை வச்சுச் சுட்டுக்கொண்டதால், சூடேறுற கண்ணாடிக்கு முன்னால் தடுப்பு வலையோடதான் அது விற்பனைக்கு வரணும் என்று 2015இலிருந்து தரநிலையை மாத்தினாங்க.

அப்ப எங்கட அடுப்புக்கு என்ன செய்யுற? பெரிய விசயமில்லை. மூலையைக் கொத்தி, பூச்சை உருட்டிவிடலாம். அதைத்தான் நாங்க அந்த அக்கா வீட்டில் செய்தோம். அரை நாள் வேலை, ஒரு சின்ன வாளிச் சீமெந்துக் கலவை. மேசன் மாமா வந்து "இதுக்கா என்னைக் கூப்பிட்ட?" என்று சிரிச்சார். அனகி அடுப்பு வாங்கி வச்சுச் சுத்திவரக் களிமண் அணைச்சதில் தணல் வெளியில் விழுறது குறைஞ்சிருக்கு, விறகும் மிச்சம். குசினி வாசலுக்குப் பழைய பலகையில் ஒரு அரைக்கதவு போட்டோம். உண்மையில் மூன்றிலும் பெரிய வேலை செய்யிறது அந்த அரைக்கதவுதான். பிள்ளை நெருப்புக்கிட்டப் போகாட்டி மூலை உருண்டையா சதுரமா என்ற கேள்வியே இல்லை. கஞ்சி வடிக்கிற நேரம் கொதிதண்ணி தெறிக்கிற தூரத்துக்குள்ளயும் அவன் வரமாட்டான். பானையிலிருந்து தொங்குற பிடிதுணியை இழுக்கவும் மாட்டான்.

ஒன்றை இதோடயே சொல்லிடுறம்: சுட்டால் பற்பசையும் வேணாம், தேங்காயெண்ணெயும் வேணாம். ஓடுற தண்ணிக்குக் கீழ இருபது நிமிசம் பிடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பற்பசை பூசுறது சரி என்று எங்களிலயே மூன்று பேர் நினைச்சுக்கொண்டு இருந்தம்.

பிள்ளையின் நிறை பாக்க வீட்டுக்கு வாற மிட்வைஃப் மிஸ் குசினிப் பக்கமும் ஒருக்கா எட்டிப் பார்த்தால் நல்லம் என்று தோணுது. வீட்டுத்திட்டம் என்று வந்து கட்டிக் குடுக்கிற ஆக்கள் வரைபடத்தில் அடுப்புக்கும் ஒரு கோடு கீறினால் இன்னும் நல்லம். அதுவரைக்கும் எங்கட கையில் இருக்கிறது மேசன்மாரின் மணியாசுக் கரண்டிதான்.

பனங்காட்டுப் பக்கம் எங்களில் ஒருத்தியின் அக்காவுக்கு வீடு எழும்புது. கூரை போட்டாச்சு, பூச்சு வேலை இன்னும் தொடங்கல்ல. போன ஞாயிறு அங்க போய், அக்காவை நிக்க வச்சு, இடுப்பு உயரத்தில் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டுட்டு வந்திருக்கிறம். "யார்ரா சுவரில கீறினது?" என்று பெரியப்பா கேட்டாராம். அக்கா நான்தான் என்று சொல்லியிருக்கா.