தாழ்மை என்பது தலைகுனிவதா?

கூட்டம் தொடங்குகிறது. மேடையில் நிற்பவர் "நான் ஒரு புழு, ஒன்றுமில்லாதவன்" என்று ஆரம்பிக்கிறார். பின்னால் தொங்கும் ஃபிளெக்ஸ் பேனரில் அவர் பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள்! கூட்டம் முடிந்ததும் ஒரு பையன் போய் ஒரு சந்தேகம் கேட்கிறான். "தம்பி, முதலில் தாழ்மையைக் கற்றுக்கொள்" என்று பதில் வருகிறது. சந்தேகம் அப்படியே நிற்கிறது.

"தாழ்மை" என்ற நல்ல வார்த்தை இப்படித்தான் கெட்டுப்போனது. மேலே இருப்பவருக்கு அது அலங்காரம். கீழே இருப்பவருக்கு வாய்ப்பூட்டு. ஆனால் நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் தாழ்மையையும் ஞானத்தையும் ஒரே வசனத்தில் சேர்த்து வைக்கிறது. காரணம் எளிது. கற்றுக்கொள்ள இடம் வைத்திருப்பவனுக்குத்தான் ஞானம் வரும். ஒருவர் எவ்வளவு பணிவாகப் பேசுகிறார் என்பது முக்கியமே இல்லை. உலகம் சிறியவர் என்று ஒதுக்குகிற ஆளிடம் அவரால் பாடம் கேட்க முடிகிறதா? அளவுகோல் அதுதான்.

இதற்குச் சாட்சி கொல்லிமலையில் இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி தம்பதி அங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914ல் பிறந்தார். 1929ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். பிரசங்கங்களில் இந்தக் கதை "தியாகம்" என்ற தலைப்பில் வரும். கண்ணீர், ஒரு ஆமென், அத்தோடு முடிந்துவிடும்.

விட்டுப்போகிற பகுதி ஒன்று உண்டு. பால் பிராண்ட் முதுமையில் எழுதிய ஒரு கட்டுரையில் அது இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது அவரும் மலைப் பிள்ளைகளும் படிப்படியாக இறங்கும் நெல் வயலில் தவளை பிடித்து விளையாடினார்கள். சேறு கலங்கி, தண்ணீரோடு கீழே போனது. வயலைக் கவனிக்கும் ஒரு தாத்தா வந்தார். குனிந்து ஒரு கை சேற்றை அள்ளினார். இது என்ன என்று பிள்ளைகளையே கேட்டார். வழிந்து போகிற சேறு மறுபடி மலையேறி வராது என்று புரியவைத்தார். உலகப் புகழ்பெற்ற டாக்டர் ஆன பிறகும் மண் அரிப்பைப் பற்றிப் பேச பிராண்ட் துணைக்கு அழைத்தது அந்தத் தாத்தாவைத்தான்.

அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1946ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தபோது அவர் எலும்பு அறுவை மருத்துவர். தொழுநோய் நிபுணர் இல்லை. தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் விழுகின்றன என்றுதான் மருத்துவர்களே அன்று நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த ஒரு பூட்டை பிராண்டால் திறக்க முடியவில்லை. ஒரு நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கித் திருப்பினான். பூட்டு திறந்தது. அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கோ வலியே தெரியவில்லை! பிராண்ட் அங்கே மேதாவியாகப் பேசவில்லை, கவனித்தார். நோயாளிகளின் காயங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். வலி தெரியாததால் ஏற்படும் காயங்கள்தான் விரல்களைப் பறிக்கின்றன என்பது தெளிவானது.

"மிஷனரிகளே கர்வத்தோடு வந்தவர்கள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கற்றுக்கொடுக்க வந்தவர்களில் பலருக்கு இந்த மண்ணில் கற்க ஏதாவது இருக்கும் என்று தோன்றவே இல்லை. அதனால்தான் அந்த ஒரு கை சேறு முக்கியமாகிறது. அங்கே பாடம் மலைக்காரரிடமிருந்து வெள்ளைக்காரப் பையனுக்குப் போனது. பிராண்டின் பெயரைச் சொல்லும் பிரசங்கிகள் தாத்தாவை விட்டுவிடுவது தற்செயலா?

அடுத்த வாதம், "பெரியவர்கள் சொன்னால் கேட்பதுதான் தாழ்மை" என்பது. எவலின் அம்மாவைப் பார்க்கலாம். வயதாகிவிட்டது, மலைக்கு அனுப்ப முடியாது என்றது அவரது மிஷன். அவர் மிஷனிலிருந்து ஓய்வு பெற்று, எழுபதை நெருங்கும் வயதில், சொந்தப் பொறுப்பில் மலையேறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974ல் 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம். கமிட்டிக்குத் தலையாட்டியிருந்தால் "தாழ்மையுள்ள சகோதரி" என்ற பெயர் சுலபமாகக் கிடைத்திருக்கும். மலை ஜனங்களுக்கு அதனால் என்ன லாபம்?

கேள்வி கேட்கிற பையனைத் தாழ்மை இல்லாதவன் என்கிறார்கள். உண்மையில் அந்த இடத்தில் "எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொண்டவன் அவன் ஒருவன்தான். மேடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி யாராவது தன்னைப் புழு என்று சொல்லிக்கொண்டால் உடனே உருகிவிட வேண்டாம். பெயருக்கு முன்னால் எத்தனை பட்டம் என்றும் எண்ண வேண்டாம். கடைசியாக அவர் யாரிடம் என்ன கற்றுக்கொண்டார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பதிலில் ஒரு தாத்தாவோ ஒரு சிறுவனோ வருகிறார்களா என்று பார்க்கலாம்.