சந்தா என்றதும் எழுந்த சிரிப்பு

மயிலாப்பூரில் ஒரு நூல் வெளியீட்டு விழா முடிந்து, வழக்கம்போல் மாடவீதியில் காபித் தம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தோம். நண்பர் ஒருவர், தமிழில் கால்பந்துக்கென்றே மாதம் இருமுறை ஒரு செய்திமடல் கொண்டுவரப்போவதாகச் சொன்னார். அனைவரும் மனமாரப் பாராட்டினோம். ஆண்டுச் சந்தா 600 ரூபாய் என்று அவர் சேர்த்துச் சொன்னபோது சிரித்துவிட்டோம். "சந்தாவா? அதுவும் கால்பந்துக்கா? எல்லாந்தான் ஓசியில் கிடைக்கிறதே" என்றார் எங்களில் ஒருவர். அவர் சொல்லியிராவிட்டால் வேறொருவர் சொல்லியிருப்பார். அந்தச் சிரிப்பைப் பற்றியே இக்கட்டுரை.

சிரித்தவர்கள் யார்? மேடை கிடைத்தபோதெல்லாம் சி.சு.செல்லப்பாவின் 'எழுத்து'வைப் பற்றிக் கண்கலங்கப் பேசுகிறவர்கள்தாம். 1959இல் மயிலாப்பூருக்கு அடுத்த திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்த அப்பத்திரிகை, சந்தாதாரர்களை நம்பியே நடந்தது. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று செல்லப்பா அறிவித்தார். வந்த சந்தாக்களோ அந்த எல்லைக்கு அருகில்கூடப் போகவில்லை. அன்று சந்தா கட்டாதவர்களை இன்று நாம் பழிக்கிறோம். நம் காலத்தில் ஒருவர் அதே கோரிக்கையோடு வந்து நின்றால், அன்று கட்டாதவர்கள் சொன்ன பதிலையே நாமும் சொல்கிறோம்.

மயிலாப்பூருக்குச் சந்தா புதிதன்று. 1891இல் தோன்றிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' இப்பகுதி வக்கீல்களின் வட்டத்திலிருந்து பிறந்தது. தீர்ப்புகள் பிழையின்றிப் பதிவாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தொழில் தேவை. ஆகவே காசு கொடுத்தார்கள். அந்த அச்சகத்தின் உரிமையாளரே 1932இல் 'கலைமகள்' இதழையும் தொடங்கினார். தனக்கு வேண்டியது எதுவோ அதைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ள இந்த ஊருக்குத் தெரியும். கிரிக்கெட்டையே பாருங்கள். லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடுவின் பெயரில் இன்றும் போட்டி நடக்கிறது. அவரைப் பற்றி எழுதப்பட்டதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கால்பந்துக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

பழங்கதை வேண்டாம், 2019ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மார்ச்சில், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. மே மாதம் மதுரையின் சேது அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. மூன்று மாதத்துக்குள் இரண்டு தேசியப் பட்டங்கள்! 2021-22 பருவத்தில் ஐ-லீக் தொடங்கியபோது சென்னை சிட்டி களத்திலேயே இல்லை. தேசிய சாம்பியனான ஓர் அணி மூன்றே ஆண்டுகளில் காணாமற்போவது எப்படி? அதன் ஆட்டக்காரர்கள் எங்கே போனார்கள்? இதைத் தமிழில் நிதானமாக, ஆள் ஆளாகச் சந்தித்து, கணக்கு வழக்கோடு எழுதுவதற்கு ஒருவருக்குச் சில மாத உழைப்பும் பயணச் செலவும் வேண்டும். அந்தச் செலவை ஏற்பவர் யார்?

எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது என்பவர்களுக்கு நம் பதில் இதுதான்: கிடைப்பது கோல் கணக்கு. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆட்டமே இல்லாதபோது கோல் கணக்கு எதைச் சொல்லும்? ஒப்பந்தத்தைப் படித்து விளக்குகிறவர்தான் அப்போது தேவைப்படுகிறார். பார்சிலோனாவில் யாருக்கு முழங்கால் வலி என்பது தெரிந்த சென்னை ரசிகனுக்கு, வியாசர்பாடியில் எந்தச் சிறுவன் எந்த மைதானத்தில் ஆடுகிறான் என்பது தெரியாது. வியாசர்பாடியிலிருந்து இந்திய அணிவரை போன நந்தகுமார் சேகரைப் பற்றிக்கூட அவர் கொல்கத்தாவில் கோல் அடித்த பிறகுதான் நாம் பேசத் தொடங்கினோம்.

விளம்பரத்தில் நடத்தலாமே என்பார்கள். 1994இல் தொடங்கிய 'மயிலாப்பூர் டைம்ஸ்' இலவசமாகவே வீடு தேடி வந்து வெற்றிகண்ட இதழ்; மறுக்கவில்லை. அங்கே விளம்பரம் தருபவர் தெருமுனைக் கடைக்காரர். படிப்பவர் அவருடைய வாடிக்கையாளர். இருவர் நலனும் ஏறக்குறைய ஒன்று. கால்பந்து மடலுக்கு விளம்பரம் தரக்கூடியவர் யார்? அணி முதலாளியும் சூதாட்டச் செயலியும். முதலாமவரைப் பற்றித்தான் எழுதவே வேண்டியிருக்கிறது. இரண்டாமவரை, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் ஒரே வாரத்தில் முடக்கிவிட்டது. விலை கொடுக்காத வாசகனுக்காக வேறொருவர் விலை கொடுக்கிறார். மடல் அவருக்குத்தான் கட்டுப்படும்.

ஏழை ரசிகனால் சந்தா கட்ட முடியுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் கட்ட முடிந்தவர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய 'தி பிளிஸார்ட்' காலாண்டிதழ், மின்பிரதிக்கு வாசகர் தம்மால் இயன்றதைக் கொடுக்கலாம் என்று வழிசெய்தது. இங்கேயும் ஒரு சந்தாதாரர் கூடுதலாக 100 ரூபாய் தந்தால் மைதானத்துத் தேநீர்க்கடைகளில் மடலின் அச்சுப்பிரதி கிடக்கும். 500 பேர் 600 ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு மூன்று லட்சம், மாதத்துக்கு 25,000. ஒருவர் ரயிலேறி மதுரைக்குப் போய்வரவும், எழுதுபவருக்குச் சிறு ஊதியம் தரவும் போதும். நம் பங்கு மாதம் 50 ரூபாய். அன்று நின்றுகொண்டே குடித்த காபியின் விலையைவிட அதிகமொன்றும் இராது.

நடத்துகிறவருக்கும் கடமை உண்டு. சந்தா வாங்கிக்கொண்டு இரண்டாம் இதழோடு மறைந்த சிற்றிதழ்கள் நம் சூழலில் ஏராளம். 'இலக்கிய சேவை' என்ற பெயரில் அதை மன்னித்து மன்னித்தே வாசகனின் நம்பிக்கையைக் கெடுத்தோம். சொன்ன தேதியில் மடல் வர வேண்டும். பிழை நேர்ந்தால் அடுத்த மடலில் திருத்தம் வர வேண்டும். நிறுத்துவதானால் மீதிப் பணம் திரும்ப வேண்டும். இம்மூன்றையும் கேட்கும் உரிமை சந்தா கட்டியவனுக்கே உண்டு. ஓசியில் படிப்பவன் எந்த முகத்தோடு கேட்பான்?

சிறுபத்திரிகையைப் போற்றும் நாம், அதை நடத்த முன்வருபவரை அது நின்றுபோன பிறகே போற்றுவது என்று வைத்திருக்கிறோம். இரங்கல் கட்டுரைக்குச் செலவில்லை அல்லவா! இம்முறை அப்படி வேண்டாம். நண்பரின் முதல் மடல் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பதும் மறுப்புதான். முதல் மடல் வருவதற்கே அந்தப் பணம் தேவை. சிரித்தவர்களில் நாங்கள் சிலர் மறுநாளே கட்டிவிட்டோம், கொஞ்சம் வெட்கத்தோடு. மற்றவர்களும் வெட்கப்பட இன்னும் நேரம் இருக்கிறது.