தும்மலுக்கு ஒரு 'பிட்டு'!

காலையில எந்திரிச்சதும் வரிசையா பத்துத் தும்மல் போடுற பார்ட்டியா நீங்க? பனி மேல பழி போடுறதுக்கு முன்னாடி, உங்க ஹாஸ்டல் தலையணையைக் கொஞ்சம் சந்தேகப்படுங்க பாஸ்!

அதுக்குள்ளே டஸ்ட் மைட் குடியிருக்கலாம். நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். எட்டுக் கால். சாப்பாடு, நம்ம உடம்பிலிருந்து உதிர்ற தோல் செதில். வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இதுதான் முக்கியக் காரணம்னு 1960-களில் கண்டுபிடிச்சவங்க நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள். மைட் கடிக்காது. அதோட கழிவில் இருக்கிற 'டெர் பி 1' என்ற புரோட்டீன்தான் வில்லன்.

அலர்ஜிக்காரங்க உடம்பில், மாஸ்ட் செல் மேலே ஐ.ஜி.ஈ. ஆன்டிபாடிகள் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். இந்தப் புரோட்டீன் வந்து ரெண்டு ஆன்டிபாடிகளைப் பாலம் மாதிரி சேர்த்துப் பிடிச்சா, செல் ஹிஸ்டமினைக் கொட்டும். அப்புறமென்ன... தும்மல், மூக்கொழுகல், சிலருக்கு வீசிங்.

அலர்ஜி தர்ற பொருளையே கொஞ்சம் கொஞ்சமா ஊசியில் ஏத்தி உடம்பைப் பழக்குற வைத்தியம் 1911-லேயே லண்டனில் வந்தாச்சு. ரிஸ்க் என்னன்னா, அந்த ஊசியே அலர்ஜியைக் கிளப்பிடலாம்.

அங்கேதான் பிறந்தது ஒரு சூப்பர் ஐடியா. புரோட்டீன் முழுப் புத்தகம்னா, லேபில் செயற்கையா தயாரிக்கிற பெப்டைட் அதில் சின்ன துண்டு. அதாவது, பிட்டு! ரெண்டு ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் பிடிக்க பிட்டுக்கு நீளம் பத்தாது. ஆனா, அலர்ஜியைப் பின்னாலிருந்து இயக்குற டி செல்கள் புத்தகத்தைப் படிக்கிறதே பிட்டு பிட்டாத்தான். அதுங்க காதில் மட்டும் 'இவன் நம்மாளு'னு போட்டுவெச்சா?

பிரிட்டனின் சர்க்காசியா கம்பெனி சோதிச்சுப் பார்த்தது. ஊசி போட்டவங்களுக்குத் தொல்லை குறைஞ்சது. கைதட்டிடாதீங்க... மருந்தே இல்லாத டம்மி ஊசி போட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சது! 2016-ல் பூனை அலர்ஜி பெப்டைட், 2017-ல் மைட் பெப்டைட், ரெண்டும் அவுட். அதே 2017-ல், மைட்டின் முழுப் புரோட்டீன்களையே நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஐடியா அழகா இருந்தா மட்டும் அது ஆதாரம் ஆகிடாது. டம்மி ஊசி குரூப் மட்டும் இல்லேன்னா, அந்த மருந்து ஜெயிச்சிடுச்சுன்னே எல்லாரும் நம்பியிருப்பாங்க. 'இதைச் சாப்பிட்டேன், சரியாயிடுச்சு'னு யாராவது அடிச்சுச் சொன்னா, 'சாப்பிடாதவனுக்கு என்னாச்சு?'னு கேளுங்க.

இப்போதைக்கு, தலையணை உறையையும் பெட்ஷீட்டையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைங்க. மைட் காலி. வீசிங் இருந்தா, டாக்டரைப் பாருங்க.

பரீட்சையில மட்டும் இல்லீங்க, இங்கேயும் பிட்டு கைகொடுக்கலை!