சேமித்த இரத்தமும் கொடுத்தவர் சம்மதமும்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்வாசி ஒருவர் சர்க்கரை வியாதிப் பரிசோதனைக்காக இரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார் என்று கொள்க. முடிவு கைக்கு வந்ததும் விஷயம் தீர்ந்தது என்பது அவர் எண்ணம். குழாயில் மிஞ்சிய இரத்தத்தை அவர் நினைப்பதேயில்லை. ஆனால் பெயரையும் அடையாளத்தையும் அடியோடு நீக்கிவிட்டால், அதனை மறு சம்மதமின்றியே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள நன்னெறிக் குழு இடந்தரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

அதே நகரில், இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையத்தில், 83 சமூகத்தாரிடம் பெற்ற சுமார் 20,000 இரத்த மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. 2020-இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் விளைவு இது. இவற்றுள் சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதி முழுமையும் கண்டறியப்பட்டு, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டது. ஐரோப்பியரை வைத்துச் செய்த ஆராய்ச்சியை நம் நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்க்கும் இக்கட்டு இதனால் குறையும். பெரும் பணிதான், ஐயமில்லை.

எனினும், பெயரை நீக்குவது தனி மனிதரைக் காக்குமேயன்றிச் சமூகத்தைக் காக்காது. அமெரிக்காவில் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய்ப் பழங்குடியினர் 1990-ஆம் ஆண்டு முதல் நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று இரத்தம் கொடுத்தனர். அது மனநோய் பற்றியும், அவர்தம் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டதைப் பின்னர் அறிந்து வழக்காடினர். 2010-இல் அரிசோனா அரசுப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய மாதிரிகளையும் திருப்பித் தந்தது. குலத்தின் தோற்றம் பற்றிய தங்கள் மரபையே மறுக்கும் ஆராய்ச்சிக்குத் தங்கள் இரத்தமே கருவியாயிற்று என்பது அவர்தம் மனக்குறை. பணம் அதற்கு ஈடாகாது.

மாதிரிக்கு உரியவர் கொடுத்தவரே, களஞ்சியம் அதன் தர்மகர்த்தா மட்டுமே என்பது மேற்சொன்ன நெறிமுறைகளின் கருத்து. எதிர்கால ஆராய்ச்சி அனைத்துக்கும் ஒரே கையொப்பம் பெறுவதும் உண்டு. எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று தனித்தனியே கேட்பதும் உண்டு. பின்னது ஊழியர்க்கு வேலை மிகுந்தது. ஆயினும் நேர்மையானது அதுவே.

படிவத்தில் 'உயிர்மாதிரிக் களஞ்சியம்' என்று எழுதியிருப்பது பாமரருக்கு எதனை விளக்கும்? (மொழிபெயர்ப்பாளர் குற்றமும் இதில் உண்டு.) "உங்கள் இரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் பல வருஷம் வைத்திருப்போம், வேறு ஊர் விஞ்ஞானிகளும் அதைப் பார்ப்பார்கள், வேண்டாமென்று நீங்கள் பின்னால் சொல்லலாம், ஆனால் பெயரை அடியோடு நீக்கிய பிறகு எது உங்களுடையதென்று எங்களுக்கே தெரியாது" என்று கள ஊழியர் வாய்விட்டுச் சொல்லி, அதன் பின்னரே பேனாவை நீட்டவேண்டும்.