வேடந்தாங்கல் பறவைகளைப் படம் எடுக்க வயலுக்குள் இறங்கலாமா? தெரிந்துகொள்ள வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை வந்துட்டாலே செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் பக்கம் கேமராக்கள் கிளம்பிடும். ஏரிக்கரையில் நின்னு எடுத்தா பறவை தூரத்துல சின்னதாத்தான் விழும். அதனால கிட்டத்துல எடுக்க நினைக்கிறவங்க தேடுறது, சுற்றிலும் தண்ணீர் நிற்கும் நெல் வயல்களை. அங்கதான் சிக்கலே ஆரம்பம்.

வயலில் பறவைக்கு என்ன வேலை?

சாப்பாடுதான். ஏரிக்குள்ள இருக்குற மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு எல்லாம் இரை தேடி அக்கம்பக்கத்து வயல்களுக்கும் நீர்நிலைகளுக்கும் போய் வரும். வயலை உழுது சேறாக்கும்போது நத்தை, நண்டு, தவளை, புழு எல்லாம் மேல வரும். தண்ணீரும் கணுக்கால் அளவுதான், நடந்தே பிடிச்சிடலாம். கூழைக்கடாவுக்கு மட்டும் இது தோதுப்படாது, அதுக்கு மீன் இருக்கும் குளம், ஏரி வேணும்.

நாற்று நட்ட முதல் சில வாரங்கள்தான் படத்துக்கு ஏற்ற நேரம். பயிர் வளர்ந்துட்டா கொக்கோட கழுத்து மட்டும்தான் தெரியும்.

விவசாயிக்கு என்ன லாபம்?

பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். இதைத் தெரிஞ்சுதான் ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா பறவைகளைக் காப்பாத்திட்டு வர்றாங்க. அவங்க கேட்டுக்கொண்டதால் 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் பறவைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்ததா வரலாறு சொல்லுது. ஆனா நீலத் தாழைக்கோழி பயிர்த் தண்டைக் கடிச்சுப் போடும், நாற்றும் மிதிபடும். அந்த நஷ்டத்தைத் தாங்குறதும் அதே விவசாயிதான்.

சரணாலயம் எதுவரை?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனா அறிவிக்கப்பட்ட சரணாலயம், ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை இருக்கு. அதுல பட்டா வயல்களும் அடக்கம். 2020-ல் இந்த எல்லையைக் குறைக்க முன்மொழிவு வந்தப்போ பெரிய எதிர்ப்பு கிளம்பினதுக்குக் காரணமும் இதுதான். இரை தேடும் இடம் போச்சுன்னா, ஏரியை மட்டும் வேலி போட்டுக் காப்பாத்தி என்ன பயன்?

சரி, இறங்கலாமா?

நில உரிமையாளர்கிட்ட கேட்காம இறங்கக் கூடாது. புதுசா சேறு பூசின வரப்பு ஈரமா இருக்கும், நாலு பேர் நடந்தாலே உடையும். உடைஞ்சா தேக்கி வச்ச தண்ணீர் கீழ் வயலுக்கு ஓடிடும், போட்ட உரமும் கூடவே போகும். ஒரு படத்துக்காக அடுத்தவர் வயல்ல இந்த நஷ்டத்தை வைக்கிறது நியாயமில்லை.

கிளப்பிவிட்டுப் பறக்குற ஷாட் எடுக்குறதும் தப்புதான். கூட்டில் குஞ்சு காத்திருக்கும்போது தாய்ப்பறவைக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். கூட்டையோ முட்டையையோ தொந்தரவு பண்றதை, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டையாடுதல்' என்ற வரையறைக்குள்ளேயே வைக்குது. 'வெறும் போட்டோதான் சார்' என்ற சமாதானம் அங்க எடுபடாது.

சாலையோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளே உட்கார்ந்தபடியே எடுக்கலாம். ஆள் நடந்து வந்தா பறந்துடுற கொக்கு, நிற்கும் வண்டியை அவ்வளவா கண்டுக்காது. காலை வெயில் முதுகுப் பக்கம் விழுற மாதிரி நிறுத்தினா போதும்.