பல் கூச்சத்துக்கு லேசரா?

சேலையூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பானைத் தண்ணி பட்டாலே பல் சுரீர்னு இழுக்குது. கைக்குழந்தைக்காரி நான். லேசர் வெச்சா ஒரே நாள்ல போயிடும்னு க்ளினிக்கில சொல்றாங்க. சீட்டுப் பணத்தை எடுத்துடலாமாங்கறார் எங்க வீட்டுக்காரர்."

அவசரப்பட்டுச் சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டாம், சகோதரி!

பல்லின் மேலே எனாமல் என்று ஓர் உறை. அதன் அடியில் இருப்பது டென்டின். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டரில் பல ஆயிரம்! ஈறு கீழிறங்கியோ, எனாமல் தேய்ந்தோ குழாய்களின் வாய் திறந்துகொண்டால், குளிர்ச்சி பட்டதும் உள்ளிருக்கும் நீர் அசைந்து நரம்பைச் சீண்டுகிறது. 1960களில் இதை விளக்கியவர் சுவீடன் நாட்டு டாக்டர் பிரான்ஸ்ட்ரோம்.

லேசர் ஒளி அந்த வாய்களை உருக்கி அடைக்கிறது. மென்மையான வகையானால் நரம்பை அமைதிப்படுத்துகிறது. ஒரு பல்லுக்குச் சில நிமிஷம்தான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். பலருக்குச் சுகம் தெரிவது உண்மை. ஆனால் எத்தனை மாதம் நிற்கும் என்பதில் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. தேய்க்கிற முறை மாறாவிட்டால் கூச்சம் திரும்பவும் வரும். அப்புறம் யாரைக் குறை சொல்வது?

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்களேன். வயலின் வாசிப்பது போல் குறுக்கே அழுத்தித் தேய்ப்பதை விடுங்கள். மெல்லிய பிரஷ் போதும். செங்கல் பொடி, கரித்தூள் எல்லாம் பாத்திரத்தோடு நிற்கட்டும். மசக்கை வாந்தியில் வரும் புளிப்பு எனாமலைக் கரைக்கும். அதனால் வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காமல் வாயை மட்டும் கொப்பளித்து, அரை மணி கழித்துத் தேய்க்க வேண்டும். (இதைப் பிரசவத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்!) பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த பற்பசையைத் தினம் இருவேளை, நான்கு வாரம் விடாமல் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் ஃப்ளோரைடு பூச்சு தடவுவார். லேசர் அதற்கு அப்புறம்தான்.

இன்னோர் அபிப்பிராயம் கேட்க வேண்டுமானால், தாம்பரத்தில் பீச் ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். எதிரே 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி. கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் முடியாதென்றால், பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "எனக்கு ஏன் கூசுது? சொத்தையா, விரிசலா, ஈறா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

ஒரே பல்லில் மட்டும் வலி, குளிர்ச்சி போன பிறகும் விண்விண்ணென்று நீடிக்கிறது, இராத்திரி தூக்கம் கெடுகிறது என்றால் அது வெறும் கூச்சம் அல்ல. அதற்குப் பற்பசையை நம்பி நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போய்க் காட்டுங்கள்.